திரைக்கு இந்தப் பக்கம் யார்?

குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கப்போகிறோம் என்று ஒரு தம்பதி சொன்னால், உறவினர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். பரீட்சைக்கு என்ன செய்வீர்கள், நாளைக்குக் கல்லூரியில் சேர்த்துக்கொள்வார்களா, நாலு பிள்ளைகளோடு பழகாமல் போய்விடாதா? முன்பெல்லாம் இவற்றோடு இன்னொரு கேள்வியும் வரும்: யார் சொல்லிக்கொடுப்பார்கள்? இப்போது அதை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. ‘அதுதான் யூடியூபில் எல்லாம் இருக்கிறதே’ என்ற பதில் கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். பாடமும் விளக்கமும் பயிற்சியும் உள்ளங்கைக்குள் வந்துவிட்ட காலத்தில் ஆள் எதற்கு என்று நினைப்பது இயல்புதான். என் கருத்து அதற்கு நேரெதிரானது. நாம் கேட்க மறந்துவிட்ட அந்தக் கேள்விதான் இன்றைக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது. திரை எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதைவிட, அது ஓடும்போதும் நின்ற பிறகும் குழந்தைக்குப் பதில் சொல்ல யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே வீட்டுக்கல்வி தேறும் அல்லது தோற்கும்.

வீட்டுக்கல்வி என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு வழிகள் இருக்கின்றன. ஹோம்ஸ்கூலிங் செய்யும் குடும்பங்கள் பாடத்திட்டம், நேரம், தேர்வு என்று ஏதோ ஒரு ஒழுங்கை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குத் தாங்களே கற்பிக்கின்றன. அன்ஸ்கூலிங் அந்த ஒழுங்கையும் வேண்டாம் என்கிறது. குழந்தைக்கு எதில் ஆர்வமோ அதுவே அன்றைய பாடம். பெரியவர்கள் வழியை ஏற்படுத்திக்கொடுத்தால் போதும். இந்தச் சொல்லைப் பரப்பியவர் அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட். பள்ளியில் பிள்ளைகள் பயத்தால் முடங்குகிறார்கள், சிந்திப்பதை விட்டுவிட்டு ஆசிரியர் எதிர்பார்க்கும் பதில் எது என்று ஊகிக்கப் பழகிக்கொள்கிறார்கள் என்று தன் வகுப்பறை அனுபவத்திலிருந்து 1964இல் அவர் எழுதிய நூல் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. பள்ளிகளைத் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கை போன பிறகு, 1977இல் வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். அப்போது அமெரிக்காவின் பல மாநிலங்களில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. 1993 வாக்கில் ஐம்பது மாநிலங்களிலும் அது சட்டபூர்வமானது. கொரோனா வந்த 2020ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில் அங்கே பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் 5.4 சதவீதம் வீட்டுக்கல்வியில் இருந்தன. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் அது 11.1 சதவீதமாகிவிட்டது என்கிறது அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை. ஜெர்மனியிலோ இன்றும் அனுமதியில்லை. ஹோல்ட் 1985இல் இறந்துவிட்டார். பிள்ளைகள் தாமாகக் கற்பார்கள் என்று அவர் சொன்னபோது அவர் மனதில் இருந்த உலகம் நூலகம், பட்டறை, தோட்டம், இசைக்கருவி, வேலை செய்துகொண்டிருக்கும் பெரியவர்கள் என்று மனிதர்கள் நடமாடிய உலகம். இன்றைய அன்ஸ்கூலிங் வீட்டில் அந்த இடம் முழுவதையும் ஒரு டேப்லெட் எடுத்துக்கொள்ளக்கூடும். அவருடைய வாதம் அப்போதும் செல்லுபடியாகுமா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

ஆகும் என்று சொல்பவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது கல்வி ஆய்வாளர் சுகதா மித்ராவின் சோதனையை. 1999ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று டெல்லி கல்காஜியில், தன் நிறுவனத்துக்கும் பக்கத்துக் குடிசைப் பகுதிக்கும் நடுவே இருந்த சுவரில் ஓட்டை போட்டு ஒரு கணினியைப் பதித்துவைத்தார் அவர். அதுவரை கணினியைத் தொட்டிராத பிள்ளைகள், ஆங்கிலமும் தெரியாத நிலையில், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து அதை இயக்கப் பழகிக்கொண்டார்கள். உலகமே வியந்தது, 2013இல் அவருக்குப் பத்து லட்சம் டாலர் டெட் பரிசும் கிடைத்தது. ஆனால் இந்தக் கதையில் தமிழர்கள் அதிகம் அறியாத ஒரு பகுதி உண்டு. அது நடந்தது காளிக்குப்பம் என்ற தமிழ் பேசும் கிராமத்தில். அங்கேயும் பொதுவெளியில் கணினி வைக்கப்பட்டது. மூலக்கூறு உயிரியலின் அடிப்படைகள் அதில் ஆங்கிலத்தில் இருந்தன. ஆசிரியர் யாரும் இல்லை. பிள்ளைகள் தாமாகவே முட்டிமோதிப் படித்து, பக்கத்து அரசுப் பள்ளியில் அதே பாடத்தைக் கற்பிக்கப்பட்ட பிள்ளைகளின் அளவுக்கு மதிப்பெண் எடுத்தார்கள். அதற்குமேல் ஏறவில்லை. அடுத்த கட்டமாக, உயிரியல் எதுவும் தெரியாத ஒரு இளம்பெண்ணைப் பிள்ளைகளோடு இருக்கச் சொன்னார்கள். அவர் பாடம் நடத்தவில்லை. பின்னால் நின்றுகொண்டு ‘அட, இது என்ன, எனக்கும் காட்டேன்’ என்று ஒரு பாட்டி கேட்பதுபோலக் கேட்டார், பாராட்டினார். அதன் பிறகு அந்தப் பிள்ளைகள், தகுதிபெற்ற ஆசிரியர்களிடம் படித்த டெல்லியின் வசதியான தனியார் பள்ளி மாணவர்களுக்கு இணையாக வந்தார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே, தானாகக் கற்பதன் எல்லைகளைப் பற்றியது. கணினி மட்டும் அவர்களை ஒரு எல்லை வரை கொண்டுபோனது. அதைத் தாண்டவைத்தது, பாடமே தெரியாத ஒருவரின் அக்கறை. மித்ராவும் அதைப் புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன். பின்னாளில் இங்கிலாந்தில் இருந்த தன்னார்வலர்களை, அவர்களில் பலர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஸ்கைப் வழியாக இந்தியப் பிள்ளைகளோடு பேசவைக்கும் திட்டத்தைத் தொடங்கினார். 2010இலேயே பாயல் அரோரா என்ற ஆய்வாளர், உத்தராகண்டில் அல்மோரா பகுதியில் வைக்கப்பட்டிருந்த இத்தகைய கணினி நிலையங்கள் பயனற்றுப் போய்விட்டதை எழுதினார். பார்த்துக்கொள்ள ஆளில்லாத இடத்தில் இயந்திரம் நிலைக்கவில்லை.

இது ஏன் இப்படி என்பதற்குப் பச்சைக் குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளில் தெளிவான விளக்கம் கிடைக்கிறது. சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரீஷியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு மிகவும் புகழ்பெற்றது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள், வயது ஒன்பது மாதம். ஒரு பிரிவினரோடு சீன மொழி பேசும் ஒருவர் நேரில் உட்கார்ந்து பொம்மைகளை வைத்து விளையாடினார், புத்தகம் படித்துக்காட்டினார். மொத்தம் 12 அமர்வுகள். இன்னொரு பிரிவினருக்கு அதே ஆட்கள், அதே சொற்கள், ஆனால் வீடியோவில். நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிரித்தறியக் கற்றுவிட்டார்கள். வீடியோவில் பார்த்தவர்களோ சீனமே கேட்காத குழந்தைகளைப் போலத்தான் இருந்தார்கள். அப்படியானால் குறை திரையிலா? அதற்கும் விடை கிடைத்தது. 2014இல் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களைக் கற்பித்துப் பார்த்தார்கள். நேரில் சொன்னாலும் கற்றார்கள். வீடியோ அழைப்பில் சொன்னாலும் கற்றார்கள். முன்பே பதிவுசெய்த வீடியோவைப் போட்டுக்காட்டியபோது கற்கவில்லை. இரண்டும் திரைதான். ஒன்றில் எதிரே இருப்பவர் குழந்தை பார்க்கும் இடத்தைப் பார்க்கிறார், அது சொன்னதற்குப் பதில் சொல்கிறார், காத்திருக்கிறார். இன்னொன்றில் குழந்தை என்ன செய்தாலும் படம் தன்பாட்டுக்கு ஓடுகிறது. குழந்தையின் கவனத்துக்கும் குரலுக்கும் உடனுக்குடன் கிடைக்கும் பதில்தான் கற்றலை நடத்துகிறது. பேரப்பிள்ளையோடு வெளிநாட்டிலிருந்து வீடியோ அழைப்பில் பேசும் தாத்தாவையும், சாப்பாடு ஊட்டுவதற்காக ஓடவிடும் பாட்டு வீடியோவையும் ‘ஸ்கிரீன் டைம்’ என்ற ஒரே கணக்கில் எழுதுவது தவறு என்பது இதிலிருந்தே தெரியும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. திரை கற்றுத்தராமல் போவது ஒரு நஷ்டம் என்றால், அது வீட்டுப் பேச்சைக் குறைப்பது அதைவிடப் பெரிய நஷ்டம். 2024இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், குழந்தைகளின் உடையில் சிறு ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தி வீட்டில் நாள் முழுவதும் நடக்கும் பேச்சைக் கணக்கெடுத்தார்கள். மூன்று வயதில், கூடுதலாகத் திரை ஓடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் குழந்தை பெரியவர்களிடமிருந்து கேட்கும் சொற்களில் ஏறக்குறைய ஏழு குறைந்தன. குழந்தையே எழுப்பும் குரல்களில் ஏறக்குறைய ஐந்து குறைந்தன. நிமிடக் கணக்கில் பார்த்தால் அற்பம். ஒரு நாளில் மூன்று மணி நேரம் என்று பெருக்கிப் பார்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு வீட்டில் இழந்த பேச்சு வகுப்பிலும் விளையாட்டு மைதானத்திலும் ஓரளவு திரும்பக் கிடைத்துவிடும். வீட்டிலேயே இருக்கிற பிள்ளைக்கு அந்த ஈடு கிடையாது. ஆகவே வீட்டுக்கல்வி நடத்தும் குடும்பம் மற்றக் குடும்பங்களைவிட இதில் கூடுதல் கவனமாக இருக்கவேண்டியிருக்கிறது.

எதிர்ப்புறத்துச் சான்றுகளும் வலுவானவைதான். அவற்றை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. 1969 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’ பதிவுசெய்யப்பட்ட நிகழ்ச்சிதான். ஆனாலும் அதன் ஒளிபரப்பு தெளிவாகக் கிடைத்த பகுதிகளில் வளர்ந்த பிள்ளைகள், கிடைக்காத பகுதிப் பிள்ளைகளைவிட, வயதுக்குரிய வகுப்பில் பின்தங்காமல் படித்தார்கள் என்று பொருளாதார அறிஞர்கள் இருவர் காட்டியிருக்கிறார்கள். மூன்று நான்கு வயதைத் தாண்டியவர்களுக்கு, கல்வியாளர்களும் உளவியலாளர்களும் சேர்ந்து உழைத்து உருவாக்கிய நிகழ்ச்சி பயன்படும் என்பதை நான் மறுக்கவில்லை. இதைவிட முக்கியமானது டெல்லியில் நடந்த மைண்ட்ஸ்பார்க் ஆய்வு. நடுநிலைப் பள்ளி வயது மாணவர்கள் 619 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்குப் பள்ளி நேரத்துக்குப் பிறகு கணினி மென்பொருள் வழியாகப் பயிற்சி தந்தார்கள். நாலரை மாதத்தில் அவர்கள் கணக்கிலும் இந்தியிலும் நன்றாக முன்னேறிவிட்டார்கள். அந்தப் பலனில் பெரும்பங்கு மென்பொருளுக்கே உரியது என்று ஆய்வாளர்களும் கருதுகிறார்கள். ஆனால் அந்த மென்பொருள் என்ன செய்தது? ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கணக்கறிவு மூன்றாம் வகுப்பிலேயே நின்றுவிட்டதா என்று கண்டுபிடித்து, அங்கிருந்து தொடங்கியது; அவன் செய்த தவறின் வகையைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கொடுத்தது. வகுப்பறையில் யாரும் அவனுக்குச் செய்யாத ஒன்றை, அதாவது அவனுக்கென்று பதில் சொல்வதை, அது செய்தது. அதோடு, பிள்ளைகள் ஒரு மையத்துக்கு வந்தார்கள். 45 நிமிடம் கணினி என்றால் இன்னொரு 45 நிமிடம் ஒரு பயிற்றுநரோடு சிறு குழுவில் உட்கார்ந்தார்கள். வெறுமனே கருவியைக் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாடு சாட்சி. அங்கே 319 கிராமப்புறப் பள்ளிகளில், பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை ஆராய்ந்தபோது கணக்கிலோ மொழியிலோ எந்த முன்னேற்றமும் தென்படவில்லை.

பதில் சொல்வதுதான் முக்கியம் என்றால், இப்போது சாட்ஜிபிடி பதில் சொல்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சாதாரண சாட்பாட்டை வைத்துக்கொண்டு பயிற்சி செய்தவர்கள் அந்த நேரத்தில் கணக்குகளை மளமளவென்று போட்டுமுடித்தார்கள். பிறகு அது இல்லாமல் தேர்வு வைத்தபோது, அதை ஒருபோதும் பயன்படுத்தாத மாணவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். விடையை நேராகச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்களின் உதவியோடு கட்டுப்படுத்தப்பட்ட சாட்பாட்டை வைத்துப் படித்தவர்களுக்கு அந்தச் சரிவு ஏற்படவில்லை. எப்போது பதில் சொல்லவேண்டும், எப்போது சொல்லாமல் காத்திருக்கவேண்டும் என்று தெரிந்த ஒரு பெரியவர் அந்தக் கருவிக்குப் பின்னால் இருக்கவேண்டியிருந்தது.

வீடும் திரையும் மட்டும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குப் பெரிய அளவிலான ஒரு சான்று அமெரிக்காவிலேயே இருக்கிறது. அங்கே அரசுப் பணத்தில் நடக்கும் முழுநேர இணையவழிப் பள்ளிகள் உண்டு. மாணவர் வீட்டிலிருந்தே கணினி முன் படிப்பார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு மையம் 2015இல் அந்த மாணவர்களை, அவர்களை ஒத்த சாதாரணப் பள்ளி மாணவர்களோடு ஒப்பிட்டது. கணக்கில் ஆண்டுக்கு 180 நாள் படிப்புக்குச் சமமான பின்னடைவு. வாசிப்பில் 72 நாள். அமெரிக்காவில் ஒரு பள்ளி ஆண்டே ஏறக்குறைய 180 நாள்தான். தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. கொரோனாவில் நம் தொடக்கப் பள்ளிகள் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக மூடிக்கிடந்தபோது கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. செல்போனிலும் பாடங்கள் வந்தன. 2021 டிசம்பரில் நம் கிராமங்களில் சோதித்தபோது, 2019இல் அதே வயதில் இருந்தவர்களைவிடப் பிள்ளைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள்; தமிழைவிடக் கணக்கில் அதிகம். பழியைத் தொலைக்காட்சிமேல் போடமுடியாது. கருவியும் இணைப்பும் எல்லா வீட்டிலும் இல்லை, வறுமையும் நோயும் வேறு சேர்ந்திருந்தன. ஆனால் மீட்சி எப்படி வந்தது என்பதைப் பாருங்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு சரியாகிவிட்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம் ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்தது என்று ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு சொல்கிறது. இல்லம் தேடிக் கல்வி என்பது சாயங்காலம் ஒன்று ஒன்றரை மணி நேரம், தெருப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த அக்காக்கள்தான். அவர்கள் பள்ளி ஆசிரியர்கள் இல்லை, தன்னார்வலர்கள். காளிக்குப்பத்து இளம்பெண் செய்ததையே அவர்கள் மாநிலம் முழுக்கச் செய்தார்கள்.

அன்ஸ்கூலிங் அன்பர்கள் இதற்கெல்லாம் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: நீங்கள் தேர்வு மதிப்பெண்ணை வைத்து அளக்கிறீர்கள், நாங்கள் மனிதர்களை வளர்க்கிறோம், குழந்தையை நம்புங்கள், திரையையும் அது தானே அளவோடு கையாளும். இதில் பாதியை ஏற்கிறேன். அன்ஸ்கூலிங்கில் வளர்ந்த 75 பெரியவர்களிடம் பீட்டர் கிரே, ஜினா ரைலி என்ற ஆய்வாளர்கள் கேட்டபோது பெரும்பாலானோர் தங்கள் வாழ்க்கையில் நிறைவோடு இருந்தார்கள். பலர் உயர்கல்வியும் படித்திருந்தார்கள். தாமாக முன்வந்து பதில் சொன்னவர்கள் என்பதால் அதை முழு உண்மையாகக் கொள்ளமுடியாது. மறுபக்கம், கனடாவில் 2011இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், ஒழுங்கமைந்த வீட்டுக்கல்விப் பிள்ளைகள் பள்ளி மாணவர்களைவிட நன்றாகச் செய்ய, ஒழுங்கற்ற வீட்டுக்கல்விப் பிள்ளைகள் இரு சாராருக்கும் பின்னே இருந்தார்கள். அதில் அப்படிப்பட்ட பிள்ளைகள் 12 பேரே என்பதால் அதையும் தீர்ப்பாகக் கொள்ளக்கூடாது. என் மறுப்பு வேறு இடத்தில். குழந்தையின் ஆர்வத்தை நம்பலாம்; ஆனால் அந்த ஆர்வத்தின் எதிரே இன்று உட்கார்ந்திருப்பது நடுநிலையான பொருளா? நூலக அலமாரி குழந்தையைப் பிடித்துவைத்துக்கொள்ள முயல்வதில்லை. அடுத்த வீடியோவைத் தானே ஓடவிடும் செயலி, பார்ப்பவர் எவ்வளவு நேரம் விலகாமல் இருக்கிறார் என்பதை அளந்து அளந்து செதுக்கப்பட்டது. அதன் முன் எட்டு வயதுப் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு, அவன் விருப்பத்தின்படி கற்கிறான் என்று சொன்னால், அங்கே நடப்பது அவன் விருப்பமா, அந்த நிறுவனத்தின் விருப்பமா? பள்ளியின் கட்டாயத்திலிருந்து விடுவித்த பிள்ளையை விளம்பர வியாபாரத்தின் கையில் ஒப்படைப்பதை ஹோல்ட் சொன்ன சுதந்திரம் என்று ஏற்க என்னால் முடியவில்லை.

பதின்ம வயதில் கதை மாறுகிறது. வாசிக்கத் தெரிந்த, ஒரு துறையில் ஆழமாக இறங்கிவிட்ட பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இணையம் பெரிய வரம். நிரல் எழுதவோ, வீணை பழகவோ, வானியல் படிக்கவோ ஊரில் ஆள் இல்லாவிட்டாலும் அங்கே கிடைக்கிறார்கள். அப்போதும் வழிகாட்டியின் இடம் காலியாகிவிடுவதில்லை. உலக சதுரங்க வாகையராக 2024இல் முடிசூடிய குகேஷ், நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளிப் படிப்பை விட்டவர். அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, எல்லாச் சிறுவர்களும் கணினி இன்ஜினை வைத்துப் பழகும் காலத்தில், குகேஷ் கிராண்ட்மாஸ்டர் தரத்தை எட்டும்வரை அதைத் தொடவிடாமல் தானே யோசிக்கவைத்தார். எல்லாப் பிள்ளைகளும் குகேஷ் ஆகிவிடமாட்டார்கள். அதை முன்னுதாரணமாக வைத்துப் பள்ளியை விடுவது ஆபத்து. ஆனால் கருவியை எப்போது கொடுப்பது, எப்போது தள்ளிவைப்பது என்று முடிவெடுக்க, அந்தப் பிள்ளையை நன்றாக அறிந்த ஒருவர் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம். இதெல்லாம் நேரம் இருப்பவர்களுக்கு, வேலைக்குப் போகும் பெற்றோர் எப்படிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது? உண்மைதான். நம் வீடுகளில் வீட்டுக்கல்வி என்று பேச்செடுத்தால் அது சத்தமில்லாமல் அம்மாவின் தலையில்தான் விழுகிறது. சமையலும் பாடமும் அவர் பொறுப்பு, முடிவு மட்டும் இருவருடையது. இதைப் பேசித் தீர்க்காமல் தொடங்கும் வீடுகளில் களைத்துப்போன மதிய வேளைகளைச் செல்போன் நிரப்பத்தான் செய்யும். அதற்கு அந்த அம்மாவைக் குறைசொல்வது அநியாயம். தொடங்குவதற்கு முன் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிப் பாருங்கள்: காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை, திங்கள் முதல் வெள்ளி வரை, பிள்ளையோடு இருக்கப்போவது யார்? அப்பா எத்தனை மணி நேரம், பாட்டி எப்போது, வாரத்தில் எத்தனை நாள் பிள்ளை மற்றப் பிள்ளைகளைச் சந்திக்கும்? பிள்ளையோடு இருப்பவர் பாடத்தில் புலவராக இருக்கவேண்டியதில்லை. கேட்கவும், வியக்கவும், ‘தெரியலையே, சேர்ந்து பார்ப்போம்’ என்று சொல்லவும் நேரம் இருந்தால் போதும். அந்தக் கட்டங்கள் மனிதர்களால் நிறைந்தால், திரைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கொடுப்பதில் தவறில்லை. இரண்டு வயதுக்குள் வேண்டாம், ஐந்து வயதுவரை ஒரு மணி நேரத்துக்குள், அதுவும் பெரியவர் உடனிருக்க, பத்து வயதுவரை இரண்டு மணி நேரத்துக்குள் என்று இந்திய குழந்தை மருத்துவர் சங்கம் சொல்லியிருக்கும் வரம்பு இதற்குப் போதுமானது. கட்டங்களில் பாதியில் ‘ஆன்லைன் கிளாஸ்’, ‘வீடியோ’ என்றே எழுதவேண்டியிருந்தால், சுமாரான பள்ளியே மேல். அங்கே பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆசிரியராவது, சண்டைபோட முப்பது பிள்ளைகளாவது இருக்கிறார்கள்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு முதல் பதினான்கு வயதுவரையிலான பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சேர்க்காதவர்களுக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை, வீட்டுக்கல்வியைத் தனியே அங்கீகரிக்கும் பிரிவும் இல்லை. வீட்டில் படித்தவர்கள் 14 வயது நிறைந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அதற்கு முன்பே, வீட்டில் ஆள் போதவில்லை என்று தெரிந்துவிட்டால் தயங்கவேண்டாம். பள்ளிக்கே போகாத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொண்டு, பின்தங்கியதை ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சி தரவேண்டும் என்கிறது அதே சட்டத்தின் நான்காம் பிரிவு.